பத்துக் காத்தி பொன்னும் ஒரு ராஜ்ஜியமும்



மனிதனைக் கெடுப்பது எது என்று கேட்டால், பேராசை என்று உடனே விடை சொல்லிவிடுவோம். மகாகவிகள் பலரும் அவ்வாறே சொல்லியிருக்கின்றனர். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில், சேனாதிபதி ஒருவன் சிம்மாசன ஆசையினால் தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து உறங்கிய அரசனையே கொன்றுவிடுகிறான். சிலப்பதிகாரத்திலோ, அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன், ஊருக்குப் புதியவனான வணிகன் கோவலன்மீது பழியைச் சுமத்தி அவன் உயிருக்கே உலை வைக்கிறான். இவற்றைப் படிக்கும்போது நாம் என்ன நினைக்கிறோம்? நாம் சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டவர்கள் அல்லர். சிலம்பு திருடியவர்களும் அல்லர். ஆகவே இது வேறு யாரையோ பற்றிய கதை என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

ஆனால் அவ்வளவு எளிதில் நாம் மூடிவிட முடியாத ஏடு ஒன்று இந்த நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் செஜாரா மெலாயு. 1612-ஆம் ஆண்டில் ஜொகூரின் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் தொகுத்துத் திருத்தியதென்று கருதப்படும் மலாய் இலக்கியம் அது. 2001-இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. மலாக்கா சுல்தான் மஹ்மூத் ஷாவின் காலத்தில் நடந்ததாக அவ்வேடு கூறும் ஒரு வழக்கு, நம்மைப் போன்ற வணிகர்களின் வழக்கு.

அக்காலத்தில் மலாக்காவின் பெண்டஹாரா, அஃதாவது முதலமைச்சர், துன் முத்தாஹிர் என்பவர். தென்னாட்டிலிருந்து வந்த மணி புரிந்தனின் வமிசம் அவர். செல்வாக்கு மிக்கவர், நாளொன்றுக்குப் பலமுறை உடை மாற்றி ஆளுயரக் கண்ணாடியில் அழகு பார்ப்பவர். துறைமுகத்தில் இரு பெரிய வணிகர்கள் இருந்தனர். ஒருவர் ஷாபந்தர் ராஜா முதலியார்; மற்றவர் நைனா சூர தேவன். இருவருமே நம் தென்கரையிலிருந்து வந்தவர்கள். இவ்விருவருக்கும் ஒரு வழக்கு ஏற்பட்டது. பெண்டஹாராவிடம் போனார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அவர் அனுப்பிவிட்டார்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். வழக்கு நியாயமாக நடந்திருக்கக்கூடிய ஒரு காலை வேளை அவர்களுக்காகக் காத்திருந்தது. ஆனால் வீடு திரும்பிய நைனா சூர தேவனின் மனத்தில் ஓர் எண்ணம் புகுந்தது. ராஜா முதலியார் பணக்காரர். அவர் பெண்டஹாராவுக்கு ஏதேனும் கொடுத்துவிட்டால் நம் கதி என்ன? இதுதான் அந்த எண்ணம். அன்றிரவே பத்துக் காத்தி பொன்னுடன் போனார். நம் கடைத் தராசின் கணக்கில் அது ஏறக்குறைய ஆறு கிலோ. பெண்டஹாரா அதனை அன்பளிப்பாக எடுத்துக்கொண்டார்.

நைனாவின் உறவினன் கித்துல் என்பவன், ராஜா முதலியாருக்கு ஒரு காத்தி பொன் கடன்பட்டிருந்தான். நள்ளிரவில் முதலியார் வீட்டுக் கதவைத் தட்டி, உங்களைக் கொல்வதற்காகவே பெண்டஹாராவுக்குப் பொன் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டான். பொன் கொடுத்தது மெய். கொலை என்றது பொய். முதலியார் அந்தக் கடன் சீட்டை அங்கேயே கிழித்தெறிந்து, கடன் தீர்ந்தது என்றார். அதே இரவில் ஒரு பாரம் பொன்னும் ஆபரணங்களும் எடுத்துக்கொண்டு கடற்படைத் தலைவர் லக்சமானா கோஜா ஹசனிடம் ஓடினார். பெண்டஹாரா அரியணையைக் கைப்பற்றச் சதி செய்கிறார் என்று முறையிட்டார். பொன்னைக் கண்ட லக்சமானாவின் அறிவு மழுங்கியது. விசாரியாமலே அதனைச் சுல்தானின் காதில் போட்டார். பெண்டஹாராவின் மகள் துன் பாத்திமாவைத் தமக்குக் காட்டாமலே வேறொருவருக்கு மணமுடித்துவிட்டார்கள் என்ற வன்மம் சுல்தானின் நெஞ்சில் முன்பே இருந்தது. பொய் விழுவதற்கேற்ற பள்ளம் அங்கே ஆயத்தமாக இருந்தது.

1510-இல் துன் முத்தாஹிரும் அவர் குடும்பத்து ஆண்களும் கொல்லப்பட்டனர். அரசனை எதிர்த்து ஆயுதம் எடுக்கலாகாது என்று தம் மகனையே தடுத்துவிட்டு அவர் மாண்டார். பிறகு உண்மை வெளிப்பட்டது. ராஜா முதலியார் குடும்பத்தோடு அழிந்தார், கித்துல் கழுவேற்றப்பட்டான், லக்சமானாவும் தண்டனைக்குத் தப்பவில்லை. மறு ஆண்டு, 1511-இல், அல்புகர்க்கின் போர்த்துகீசியப் படை மலாக்காவைப் பிடித்தது. அந்த வீழ்ச்சிக்குப் பீரங்கியும் வாணிபப் போட்டியும் முதலிய காரணங்கள் பல உண்டு. எனினும், வீட்டின் தூண் உள்ளேயே அரிக்கப்பட்டிருந்தது என்பதை மறுப்பாரில்லை.

இப்பொழுது கேட்போம்: இவர்களில் குற்றவாளி யார்? பொன்னை வாங்கியவர், பொய் சொன்னவன், விசாரியாமல் தண்டித்தவர் ஆகிய யாவருமே குற்றவாளிகள்தாம். ஆனால் முதல் அடியை எடுத்து வைத்தவர் நைனா. அவர் அரியணைக்கு ஆசைப்படவில்லை. பிறர் சொத்தையும் கவரப் புறப்படவில்லை. தம்மைக் காத்துக்கொள்வதாகவே எண்ணினார். ராஜா முதலியாரும் அப்படியே எண்ணினார். ஆகவே, ஒழுக்கக் கேடு எப்பொழுதும் பேராசையின் முகத்தோடு வருவதில்லை. பல வேளைகளில் அது முன்ஜாக்கிரதையின் முகத்தோடு வருகிறது. "அவன் கொடுத்துவிடுவான்; ஆகையால் நான் முந்திக்கொள்கிறேன்" என்பதே அதன் பேச்சு. இந்தப் பேச்சை நம் கடைத்தெருவில் நாம் கேட்டதில்லையா? காப்பிக் காசு என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு, பேரேட்டில் சில்லறைச் செலவு என்று எழுதிய நாள் நமக்கும் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை.

அப்படியானால் ஆசையே கூடாதா? அவ்வாறன்று. ஆசையில்லாதவன் கடல் தாண்டி வந்திருக்கமாட்டான். பினாங்கின் காப்பித்தான் கெலிங் காதர் மொஹிதீன் அவர்கள் உயர விரும்பாதவராக இருந்திருந்தால், 1801-இல் தோன்றிய அப்பள்ளிவாசல் இன்று அவர் பதவியின் பெயரால் விளங்காது. நேர்மையான வணிகருக்கு மறுமையில் உயர்ந்த இடம் உண்டென்பது நபிமொழி. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒன்றாகவே கண்டிப்பதும் நபிமொழிதான். நல்ல ஆசைக்கும் கெட்ட ஆசைக்கும் உள்ள வேறுபாட்டை அந்த மலாய் ஏடே நமக்குக் காட்டிவிடுகிறது. வழக்கைக் கெடுத்த காரியங்கள் யாவும் ஒரே இரவில், விடியுமுன் நடந்தவை. எந்தச் செலவை அதன் உண்மைப் பெயரோடு பேரேட்டில் எழுத முடியாதோ, அது இரவில் செய்த செலவு. வேறு அளவுகோல் தேவையில்லை.

"நான் கொடுக்காமலிருந்து, பக்கத்துக் கடைக்காரர் கொடுத்துக் காரியத்தை முடித்துக்கொண்டால் என் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவார்?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நஷ்டமே வராது என்று நாம் சொல்லத் துணியோம், வரலாம். ஆனால் கொடுப்பதிலும் பத்திரம் இல்லை என்பதற்கு ராஜா முதலியாரின் குடும்பமே சாட்சி. இந்நாட்டுச் சட்டமும் கொடுப்பவரை விடுவதில்லை. 2020 ஜூன் முதல் தேதியிலிருந்து, நிறுவனத்துக்காக அதன் ஆட்கள் லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளியாகும் விதியும் நடப்புக்கு வந்திருக்கிறது.

அந்த நஷ்டத்தைத் தனியாக ஒருவர் தாங்குவது கடினம், ஊராகத் தாங்கலாம். நைனாவும் முதலியாரும் ஒரே கரையிலிருந்து வந்து, ஒரே துறையில் வாணிபம் செய்தவர்கள். பெண்டஹாராவின் வாசலுக்குப் போகுமுன் ஒரு பாயில் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருந்தால், ஒருவர் மனத்தை மற்றவர் இருட்டில் ஊகிக்க வேண்டியிருந்திராது. கித்துலுக்கும் தட்டுவதற்குக் கதவு கிடைத்திராது. தாசேக் கெலுகோரில் நாம் ஒரு சிறு கூட்டம். கடை அடைத்து, இஷாத் தொழுகை முடித்து, முகம் பார்த்துப் பேசுவதற்கு நமக்குப் பள்ளிவாசலும் சங்கமும் இருக்கின்றன. பங்குத் தகராறோ, பாக்கித் தகராறோ, முதலில் அங்கே வைப்போம். நாம் கொடுப்பதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்களித்து, அவ்வாக்கை நம்புவோம். அச்சம் அகன்றால், அச்சத்தின் பெயரால் கொடுக்கும் பொன்னும் பெட்டியிலேயே தங்கிவிடும்.

பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று நமக்கும் யாரேனும் சொல்லக்கூடும். அந்த ஓர் இரவைப் பொறுத்திருக்கும் மன உறுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.