கேட்டுட்டு வர்றேன்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போவது எங்கள் வீட்டில் இருபது வருடப் பழக்கம். திருச்சியில் நல்ல சைவ ஹோட்டல்களுக்குக் குறைவில்லை. மனைவிக்கு ரவா தோசை, மகளுக்கு நெய் ரோஸ்ட், எனக்குப் பொங்கல். நாங்கள் வாய் திறக்கும் முன்பே ஒரு சர்வர் இந்த மூன்றையும் உள்ளே சொல்லிவிடுவார். அப்படி ஒருவர் நம்மைத் தெரிந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அப்போது நான் யோசித்ததில்லை.

மனைவிக்கு நாற்பதைத் தாண்டியதும் சோர்வு தொடங்கியது. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. கடைசியில் ஒரு குடல் மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்தார், எண்டோஸ்கோபி வழியாகச் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார். சீலியாக் என்றார். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் இவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்ச வேண்டிய நுண்ணிய விரல்கள் மழுங்கிப்போகும். எத்தனை மாத்திரை போட்டும் இரும்பு உடம்பில் ஒட்டாததற்கு அதுதான் காரணம். இதற்கு மருந்து கிடையாது. ஆயுளுக்கும் குளூட்டனை ஒதுக்குவதுதான் வைத்தியம். கோதுமையை அன்றாடம் தின்னும் வட இந்தியாவில் இந்த நோய் அதிகம், நம் பக்கம் குறைவு. குறைவு என்பதாலேயே எங்களுக்கு அது பிடிபட நாலு வருடம் ஆயிற்று. சர்க்கரை வந்தால் சப்பாத்திக்கு மாறு என்று சொல்லிப் பழகிய நம் சொந்தக்காரர்கள், கோதுமை ஒருத்தியைப் படுக்க வைக்கும் என்பதை நம்பவே இல்லை.

அதே வருடம் மகள் சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவள் காபியைத் தொடவில்லை, தயிரைத் தள்ளி வைத்தாள். காளைக் கன்றாகப் பிறந்தால் பால் பண்ணைக்கு அது பாரம், அதன் கதி என்ன ஆகிறது தெரியுமா அப்பா என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் கோபமாகப் பேசவில்லை, யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து பால், தயிர், நெய், வெண்ணெய், தேன் எதுவும் அவளுக்குக் கிடையாது.

அம்மாவுக்கு உடம்பு விதித்த கட்டளை. மகளுக்கு மனசு விதித்தது. பின்னால் இந்த இரண்டைப் பற்றியும் தேடிப் படித்தபோது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. என் மகளைப் போலப் பாலையும் விட்டவர்களைக் குறிக்கும் வீகன் என்ற சொல் இங்கிலாந்தில் 1944 நவம்பரில் பிறந்தது. டொனால்ட் வாட்சன் என்பவரும் நண்பர்களும் அதை உருவாக்கினார்கள். அதே குளிர்காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம், போரில் சிக்கிய நெதர்லாந்து பட்டினியில் கிடந்தது. ரொட்டிக்கே வழியில்லை. அப்போது சீலியாக் உள்ள குழந்தைகள் தேறுவதை வில்லம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கவனித்தார். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி சீக்கில் விழுந்தார்கள். கோதுமை மேல் அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் உறுதியாயிற்று. 1950-இல் அதையே தன் ஆய்வேடாக எழுதினார். என் வீட்டு மேஜையில் எதிரெதிரே உட்காரும் இரண்டு பேருடைய கதையும் ஒரே குளிர்காலத்தைத் தொட்டு வந்திருக்கிறது.

சைவ ஹோட்டலில் இவர்களுக்கு என்ன சிரமம் என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இட்லியும் தோசையும் அரிசியும் உளுந்தும்தானே? சட்னி தேங்காய்தானே? சமையற்கட்டுக்குள் போய்ப் பார்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது.

முதலில் பெருங்காயம். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் அந்தப் பிசின் மிகவும் காரமானது. அதை அப்படியே போட முடியாது. கருவேலம் பிசினும் மாவும் சேர்த்துத்தான் தூளாகவும் கட்டியாகவும் விற்கிறார்கள். பல டப்பாக்களில் அந்த மாவு கோதுமை மாவு அல்லது மைதா. சாம்பார், ரசம், பொங்கல், இட்லிப் பொடி என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. முப்பது வருடம் சாம்பார் வைத்த மாஸ்டர் ஒருவர் நான் சொன்ன பிறகுதான் டப்பாவைத் திருப்பி எழுத்தைப் படித்தார். படித்துவிட்டு ரொம்ப நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். நான் அன்றே அவரை மதிக்க ஆரம்பித்தேன்.

அடுத்து தோசைக்கல். ரவா தோசை வார்த்த அதே கல்லை விளக்குமாற்றால் ஒரு வீசு வீசிவிட்டு சாதா தோசை ஊற்றுவார்கள். பூரி பொரித்த எண்ணெயில் வடை வேகும். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டமும் ஏற்ற அளவு. கோதுமை மாவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். கால் கிராம் மாவு போதும், ஒரு கிலோ உணவு அந்த எல்லையைத் தாண்டிவிடும். விளக்குமாறு கால் கிராமுக்குக் காவல் நிற்காது.

மகளுடைய சிக்கல் வேறு மாதிரி. நம் பேச்சில் சைவம் என்றால் பாலும் நெய்யும் சேர்ந்தது. பாக்கெட்டில் உள்ள பச்சைப் புள்ளியும் அதைத்தான் சொல்கிறது. பாலை விட்டவர்களுக்குத் தமிழில் நனிசைவம் என்று ஓர் அழகான சொல் வந்துவிட்டது. 2022-இல் அவ்வகை உணவுக்குத் தனி விதிகளும், இலை முளைத்த பச்சை 'வி' முத்திரையும் வந்துவிட்டன. ஆனால் ஹோட்டல் மேஜையில் முத்திரை ஏது? நெய் வேண்டாம் என்றால் தோசை மேல் ஊற்றமாட்டார்கள். பொங்கலுக்குள் இருப்பது, அவியலில் கலந்த தயிர், குருமாவில் சேர்த்த க்ரீம் இவையெல்லாம் அவர்கள் கணக்கில் வராது.

எங்களை நன்றாகத் தெரிந்த அந்த சர்வரிடம் முதல் தடவை எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் முகம் வாடியது. "ஐயோ அம்மாவுக்கா?" என்றார். பதினைந்து நிமிடத்தில் மனைவிக்கு ஒரு சாதா தோசை வந்தது. மகளின் தட்டில், நான் வேண்டாம் என்று சொல்லியும், ஒரு ஸ்பூன் நெய். "பாப்பா சின்ன வயசுலேர்ந்து சாப்பிடறதுதானே, ஒண்ணும் ஆகாது" என்றார். மகள் அவரைப் பார்த்தாள், பிறகு தட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்தினாள். மனைவி சாதா தோசையைச் சாப்பிட்டாள். அது எந்தக் கல்லில் வார்த்தது என்று நாங்கள் கேட்கவில்லை. மூன்று நாள் அவள் எழுந்திருக்கவில்லை.

அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. நெய் ஊற்றுவதுதான் நமக்கு உபசாரம். இன்னும் கொஞ்சம், இன்னும் ஒன்று என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஜனம் நாம். வேண்டாம் என்பதை நாம் கூச்சம் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம், கையை இலைக்குக் குறுக்கே வைத்தாலும் விரலிடுக்கு வழியாக ஊற்றுகிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த அன்பு எதிரே இருப்பவரின் பேச்சைக் கேட்பதில்லை. இவ்வளவு காலமாக நானும் அப்படித்தான் விருந்தாளிகளுக்குப் பரிமாறியிருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

அதன்பிறகு ஏழெட்டு மாதம் நாங்கள் வெளியே சாப்பிடப் போகவில்லை. மனைவி வர மறுத்துவிட்டாள். நோயைவிட, பத்துப் பேர் நடுவில் விளக்கம் சொல்வதுதான் அவளுக்கு வேதனையாக இருந்தது. பின்னால் காத்திருப்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். வீட்டிலேயே சாப்பிட வேண்டியதுதானே என்று ஒருவர் காதுபடவே சொன்னார். அந்தச் சொல் தவறு. பசிக்காக மட்டுமா ஹோட்டலுக்குப் போகிறோம்? ஒரு நாளாவது அடுப்பை மறந்து, ஊரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஒருத்திக்கு உரிமை உண்டு. உடம்பு கெட்டதால் அந்த உரிமை போய்விடாது.

தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ். மகள்தான் வற்புறுத்தி அழைத்துப் போனாள். இருபது வயதுகூட இராத பையன் ஒருவன் ஆர்டர் எடுக்க வந்தான். நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சாம்பாரில் போடும் பெருங்காயம் எது, கல்லில் ரவா வார்த்தாயிற்றா, சட்னியில் தயிர் உண்டா? அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "தெரியலைங்க சார். உள்ள கேட்டுட்டு வர்றேன்" என்றான். திரும்பி வந்து, சாம்பார் வேண்டாம், டப்பாவில் கோதுமை மாவு போட்டிருக்கு என்றான். தேங்காய்ச் சட்னியில் தயிர் இல்லை, பெருங்காயமும் இல்லை. கல் பற்றி மாஸ்டரே வெளியே வந்து சொன்னார். ரவா வார்த்தாகிவிட்டது, இன்றைக்கு இட்லி சாப்பிடுங்கள், தோசை வேண்டுமென்றால் காலையில் ஏழு மணிக்குள் வாருங்கள், முதல் கல் உங்களுக்கு.

அன்று இருவரும் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டார்கள். மனைவி நாலு இட்லி தின்றாள். எத்தனையோ கல்யாண விருந்துகளில் எனக்குக் கிடைத்த உபசாரத்தைவிட அந்தத் "தெரியலைங்க சார்" பெரிது என்று நினைக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, போய்க் கேட்டு வருவதற்கு அவனுக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று.

நம் சமையலில் இவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. இட்லி, அடை, சேவை, இடியாப்பம், தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த பருப்புப் பாயசம் என்று பாதி சமையல் ஏற்கெனவே அவர்களுடையது. நெய்யையும் பெருங்காயத்தையும் கொஞ்சம் கவனித்தால் போதும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வாமை தரும் பொருள்களை மெனுவில் காட்ட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. குளூட்டன் உள்ள தானியமும் பாலும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒற்றைக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் நம்மில் அதிகம் பேர் சாப்பிடுவது ஒற்றைக் கடைகளில்தான்.

ஆகவே ஹோட்டல் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது, அதற்கு மாறுங்கள். ரவாவுக்கு ஒரு கல்லைத் தனியாக ஒதுக்குங்கள். பொங்கலில் ஒரு சட்டியையாவது நெய் ஊற்றாமல் எடுத்து வையுங்கள். உங்கள் பையன்களுக்குத் "தெரியலை, கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லப் பழக்குங்கள். பக்கத்து மேஜையில் சாப்பிடும் உங்களிடமும் ஒன்று: யாராவது சர்வரிடம் பெருங்காயத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தால், இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.