பாவித்த கணினியின் நியாய விலை எது?

பழைய கணினி ஒன்றை என்ன விலைக்கு விற்கலாம்? கேள்வி சிறியது. ஆனால் அறநெறியாளர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்துவரும் பெரிய வினா ஒன்று அதற்குள் அடங்கியிருக்கிறது. ஒரு பொருளுக்கு நாம் கேட்கக்கூடிய விலையை நிர்ணயிப்பது எது? பொருளின் தரமா, சந்தையின் போக்கா, அல்லது வாங்க வந்தவரின் முடையா?

நம் மலையகத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பாவித்த மடிக்கணினி ஒன்றின் விலை 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சம்பளக் கணக்கில், 44 நாட்களுக்கு மேல் கொழுந்து பறித்த கூலியை, ஒரு சதமேனும் செலவிடாமல் சேர்த்தால்தான் அதை வாங்கலாம். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்காகத் தலவாக்கலைக் கடைவீதிக்கு இறங்கிவரும் ஒரு தாய்க்கு, அந்த விலை வெறும் இலக்கமன்று. மழையிலும் பனியிலும் மலையேறி இறங்கிய நாட்களின் கூட்டுத்தொகை.

விலை இறங்கும் விதம்

கணினி ஒரு விசித்திரமான பொருள். கவ்வாத்துக் கத்தி தேய்ந்தால்தான் மதிப்பிழக்கும். கணினியோ தேயாமலே மதிப்பிழக்கும். 1965இல் கோர்டன் மூர் என்பவர், ஒரு சில்லுக்குள் அடங்கும் நுண்ணுறுப்புகளின் தொகை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று கணித்தார். 1975இல் அதை ஈராண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். புதியது அந்த வேகத்தில் வளர வளர, பழையது இருந்த இடத்திலேயே பின்தங்கிவிடுகிறது.

அண்மைக்கால உதாரணம் ஒன்றைப் பாருங்கள். 2021 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் 11, ஏறக்குறைய 2017க்கு முற்பட்ட கணினிகளில் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கு அந்நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுற்றது. அன்று எந்தக் கணினியிலும் ஓர் ஆணிகூடக் கழலவில்லை. ஆயினும் உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளின் மதிப்பு இறங்கியது.

விலை ஏறும் விதம்

பழைய கணினியின் விலை ஏறுவதும் உண்டு. அதற்கு இரு காரணங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்து நோக்க வேண்டும்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் ஏறக்குறைய 360 ரூபாவை எட்டியது. பழைய கணினியை விற்ற வியாபாரி, அதனிடத்தில் இன்னொன்றை வாங்கி வைக்க முன்னரிலும் மிகக் கூடிய பணம் தேவைப்பட்டது. அவர் விலையை உயர்த்தியதைக் குறை கூறலாமா? கூற முடியாது. அந்தச் சுமை அவருடைய சுமை.

2020 மார்ச்சில் நடந்ததோ வேறு. கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையவழிக்கு மாறின. ஒரே இரவில் கணினி அத்தியாவசியப் பொருளாகிவிட்டது. வீட்டின் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு கணினியை, அதுவரை யாரும் கேட்காத விலைக்கு விற்றுவிடலாம் என்று ஒருவர் கருதினால், அங்கே கூடியது எது? கணினி முந்திய நாள் இருந்தபடியே இருக்கிறது. அவருக்குப் புதிதாக நட்டமும் இல்லை. கூடியது தாயின் பதைப்பு ஒன்றே.

புனித தோமஸ் அக்குவீனாஸ் இந்த இடத்தில் மிகக் கூர்மையான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். ஒரு பொருளைக் கைவிடுவதால் விற்பவருக்கு இழப்பு நேருமாயின், அந்த இழப்பை அவர் விலையிலே சேர்க்கலாம். ஆனால் விற்பவருக்கு இழப்பேதும் இல்லாமல், வாங்குபவரின் தேவை மாத்திரம் பெரிதாயிருந்தால், அதைக் காரணமாக்கி விலையை உயர்த்துவது நீதியன்று. ஏனெனில் அந்தத் தேவை விற்பவரிடமிருந்து வந்ததல்ல. தன்னுடையதல்லாத ஒன்றை எவரும் விற்க முடியாது.

எண்ணிப் பாருங்கள். கணினி விற்பவருடையது, அதை அவர் விற்கலாம். பிள்ளை பரீட்சையில் தோற்றுவிடுமோ என்ற அச்சம் தாயினுடையது. அந்த அச்சத்தை எடுத்து அவளுக்கே விற்க எவருக்கும் உரிமையில்லை.

சொல்லாமல் விடலாமா?

இனி, குறைகளைப் பற்றிய கேள்வி. பொருளின் குறையை விற்பவர் தாமே முன்வந்து சொல்ல வேண்டுமா? ஒற்றைக்கண் குதிரையை உதாரணமாகக் காட்டுகிறார் அக்குவீனாஸ். குறை வெளிப்படையாகத் தெரியுமானால், அதற்கேற்ப விலையும் குறைக்கப்பட்டிருந்தால், வாய்விட்டுச் சொல்லக் கடமையில்லை. மறைந்திருந்து நட்டமோ ஆபத்தோ விளைவிக்கும் குறையை மறைப்பதுதான் வஞ்சனை. மூடியிலுள்ள வெடிப்பு ஒற்றைக்கண் போன்றது, எவரும் காண்பர். அரை மணி நேரம்கூடத் தாங்காத பற்றரியும், பழுதாகத் தொடங்கிய வன்தட்டும் அப்படியல்ல. அவை வீட்டுக்குப் போன பின்னரே வெளிப்படும்.

சிசரோ எழுதிய ரோட்ஸ் தீவுக் கதை இதைவிடச் சிக்கலானது. தீவிலே பஞ்சம். தானியக் கப்பலோடு ஒரு வணிகர் வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவருக்குத் தெரியும், மக்களுக்குத் தெரியாது. அவர் சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும் என்றார் டயோஜனீஸ் என்ற ஞானி. தனக்குத் தெரிந்த எதையும் விற்பவர் மறைக்கலாகாது என்றார் அவருடைய மாணாக்கர் அந்திபேட்டர். வணிகர் மறைத்திருக்கக் கூடாது என்பதே சிசரோவின் முடிவு. நாளைய விலையைச் சொல்ல நீதி கட்டாயப்படுத்தாது, ஆனால் சொல்வது உயர்ந்த பண்பு என்றார் அக்குவீனாஸ்.

நம் கணினிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், 2025 ஒக்டோபருக்குப் பின்னர் அந்தக் கப்பல்கள் கரை சேர்ந்துவிட்டன. விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினியின் குறை நாளைய செய்தியன்று, இன்றைய குறை. அதைச் சொல்லி, விலையையும் குறைத்து, லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்தோடு அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கலாம் என்று விளக்கி விற்பவர் நல்ல வியாபாரி. சொல்லாமல் விற்பவர், தெரியாதவரின் அறியாமைக்கும் சேர்த்து விலை வாங்குகிறார்.

"வியாபாரி பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். பிழைக்க வேண்டும். கடை வாடகையும் திருத்தக் கூலியும் நியாயமான இலாபமும் விலையில் அடங்கட்டும். வள்ளுவரும் வணிகத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே நல்ல வணிகம் என்று, அதை நடுவுநிலைமை என்ற அதிகாரத்தில் வைத்தார்.

வாங்குபவர்க்கும் கடமையுண்டு. புனித அகுஸ்தீனார் ஒரு மனிதரைக் குறித்து எழுதுகிறார். நூல் ஒன்றை விற்க வந்தவர், அதன் பெறுமதி அறியாமல் மிகக் குறைந்த விலை கேட்டார். வாங்கியவரோ, எதிர்பாராத விதமாக, அதன் நியாய விலையைக் கொடுத்தாராம். கணவரை இழந்த பெண்ணொருத்தி, அவர் விட்டுச்சென்ற கணினியை அதன் பெறுமதி தெரியாமல் சொற்பப் பணத்துக்குக் கொடுக்க முன்வரும்போது, "இலாபம்" என்று மகிழ்பவர் அந்த மனிதரை நினைத்துக்கொள்ளட்டும்.

தோட்டப் பாடசாலைகளுக்குப் பழைய கணினிகளை அன்பளிப்பாக வழங்குவோருக்கும் இது பொருந்தும். இயங்குவதைக் கொடுப்பது கொடை. இயங்காததைப் படம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போவது, தம் வீட்டுக் குப்பையைப் பிறர் வாசலில் கொட்டுவதேயாகும்.

ஆகவே விற்குமுன் விற்பவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. எனக்குத் தெரிந்த குறை எதுவும் வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கிறதா? நான் கேட்கும் விலையில், என்னுடையதல்லாத எதற்கும் பணம் கேட்கிறேனா? இரண்டுக்கும் "இல்லை" என்று மனச்சாட்சியோடு சொல்ல முடிந்தால், அதுவே நியாய விலை.