அறியாமையைக் கற்ற கர்தினால்

மனிதர் பெருமை பாராட்டும் ஞானம் கடவுள் முன் நிலைக்காது என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுல் வாதிட்டதைக் கிறிஸ்தவ மரபு இருவகையாகப் புரிந்துகொண்டது. ஒரு சாரார் அதைக் கல்விக்கே எதிரான கட்டளையாகக் கொண்டு, கேள்வி கேட்பதையே செருக்கின் அடையாளமாக எண்ணினர். மறுசாரார், அறிவு தன் எல்லையைக் காணும்வரை நடந்தாக வேண்டும் என்றும், அவ்வளவு தூரம் நடக்காதவர் எல்லையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்றும் கருதினர். இந்த இரண்டாம் வழியை ஆழமாக வகுத்துக் காட்டியவர்களுள் ஒருவர், 15ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய இறையியலாளர் குசாவின் நிக்கோலாஸ். சிந்திக்காமல் இருப்பதற்குத் தாழ்ச்சியைச் சாக்காகச் சொல்லும் பழக்கம் நீடிக்கும்வரை அவரைப் படிக்க வேண்டிய தேவையும் நீடிக்கும்.

1401இல் மோசல் ஆற்றங்கரையிலுள்ள கூஸ் என்ற ஊரில் படகு வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த நிக்கோலாஸ், பதுவா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்று, பின்னாளில் கர்தினாலாக உயர்ந்தார். கிழக்குத் திருச்சபையோடு ஒன்றிப்பை ஏற்படுத்தும் முயற்சியில் கான்ஸ்டாண்டிநோபிளுக்குச் சென்ற தூதுக்குழுவில் இடம்பெற்ற அவர், 1437-38 குளிர்காலத்தில் கடல்வழியே திரும்பியபோது மனத்தில் பிறந்த தெளிவே, 1440இல் தாம் முடித்த ‘கற்றறிந்த அறியாமை’ என்ற லத்தீன் நூலுக்கு வித்து என்று எழுதியிருக்கிறார். எதை அறிய முடியாது, ஏன் அறிய முடியாது என்பதை நீண்ட உழைப்பால் தெளிவாகக் கண்டுகொண்டவரின் நிலையையே அவர் அந்தத் தொடரால் சுட்டினார். அதை விளக்க அவர் கையாண்டது கணிதம். வட்டம் ஒன்றுக்குள் பலகோணம் வரைந்து, அதன் பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் அது வட்டத்தை மேன்மேலும் நெருங்கும். எத்தனை பக்கங்கள் சேர்ந்தாலும் வட்டமாகிவிடாது. மனித அறிவுக்கும் உண்மைக்கும் உள்ள உறவும் இத்தகையதே என்றார் அவர். இந்த விளக்கத்தின் பிற்பாதியை மட்டும் பிடித்துக்கொள்வோர் உண்டு. வட்டத்தை எட்ட முடியாது என்பதனால் நான்கு பக்கமுள்ள உருவமும் நாலாயிரம் பக்கமுள்ள உருவமும் ஒன்றாகிவிடுமா? இறுதி உண்மை கடவுளிடமே உள்ளது என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சியைக் கைவிடுபவர், முதல் நான்கு கோடுகளோடு எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறார்.

நிக்கோலாஸ் கைவிடவில்லை. முற்றிலும் துல்லியமான மையமும் எல்லையும் படைப்புக்குள் இருக்க இயலாது என்ற கொள்கையிலிருந்தே, பூமி உலகின் அசையாத மையம் அன்று என்ற முடிவுக்கு அவர் வந்தார். கோப்பர்னிக்கஸின் நூல் 1543இல் வெளிவருவதற்கு ஒரு நூற்றாண்டு முந்தைய முடிவு இது. கடவுளிடத்தில் எதிர்மறைகள் ஒன்றுபடுகின்றன என்ற அவருடைய கருத்தை ஹைடல்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோகானஸ் வெங்க் கடுமையாகத் தாக்கி, முரண்களை விலக்கும் விதியை விட்டுவிட்டால் வாதம் என்பதே இல்லாமல் போகும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1449இல் எழுதிய மறுமொழியில் நிக்கோலாஸ், வரையறைக்குட்பட்ட பொருள்களை ஆராயும் தருக்கத்துக்கு அதன் களத்தில் உரிய இடத்தை விட்டுவைத்து, வரையறையற்றவரை அதே அளவுகோலால் அளக்க முற்படுவதையே மறுத்தார்.

இந்தச் சிந்தனை நூலைவிட்டு இறங்கிக் கண்முன் நடந்த இடம், பவாரியாவிலுள்ள டேகர்ன்சே மடம். அங்கிருந்த பெனடிக்டின் சபைத் துறவிகள், கடவுளை நெருங்குவதற்கு அறிவு தேவையா, அன்பு மட்டும் போதுமா என்று அவரிடம் கேட்டிருந்தனர். 1453இல் ‘இறைக்காட்சி’ என்ற சிறுநூலை எழுதியனுப்பியபோது, எங்கிருந்து பார்த்தாலும் பார்ப்பவரையே நோக்குவதுபோல் கண்கள் தீட்டப்பட்ட திருமுக ஓவியம் ஒன்றையும் அவர் சேர்த்தனுப்பினார். அதை வடக்குச் சுவரில் மாட்டிச் சுற்றிலும் நிற்கும்படி துறவிகளுக்குச் சொல்லப்பட்டது. ஒவ்வொருவருக்கும் அந்தப் பார்வை தன்னை மட்டுமே நோக்குவதாகத் தோன்றும். ஒருவர் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தால் பார்வையும் கூடவே வரும். அதே நேரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே நடக்கும் சகோதரரிடம் கேட்டால், தம்மோடும் அது வந்ததாக அவர் சொல்வார். ஒரே பார்வை எதிரெதிர்த் திசைகளில் எப்படிச் செல்லும் என்பதைத் தனி ஒருவரின் கண்ணால் சரிபார்க்க வழியில்லை. சகோதரரின் சொல்லை நம்பித்தான் ஆகவேண்டும். கிறிஸ்தவத் தாழ்ச்சியைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதைவிடக் கூர்மையான பாடத்தைக் காண்பது அரிது. கடவுள் தன்னைப் பார்க்கிறார் என்ற உறுதியில் தவறில்லை. தன்னை மட்டுமே பார்க்கிறார் என்று எண்ணும் இடத்தில்தான் செருக்கு நுழைகிறது. அதற்கான மருந்தை, எதிர்த்திசையில் நடந்து வருபவரின் சாட்சியத்தில் அவர் வைத்தார்.

அதே ஆண்டு மே மாதத்தில் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்து, ஐரோப்பா முழுவதும் சிலுவைப்போர்ப் பேச்சு எழுந்த வேளையில், பல சமயத்தவரும் பல இனத்தவரும் ஒரே அவையில் அமர்ந்து உரையாடும் கற்பனையை ‘சமய அமைதி’ என்ற நூலாக அவர் எழுதியது தற்செயல் அன்று.

ஆனால் அதிகாரம் கையில் இருந்தபோது அவருக்கே இந்தப் பாடம் கடினமாயிற்று. பிரிக்சன் மறைமாவட்டத்தின் ஆயராக, துறவற ஒழுங்கை மீட்கும் நோக்கத்தோடு சென்றவர், சோனன்பர்க் பெண் துறவிகளின் மடத்தோடும் திரோல் நாட்டுக் கோமகன் சிகிஸ்முண்டோடும் ஆண்டுக்கணக்கில் மோதினார். மடத்தின் தலைவியைத் திருச்சபை உறவிலிருந்து நீக்கும் அளவுக்கு அது முற்றியது. 1460இல் புரூனெக் கோட்டையில் கோமகனின் படையால் முற்றுகையிடப்பட்டுப் பணிய நேர்ந்தது. அவர் நாடிய சீர்திருத்தம் பெரும்பாலும் தேவையானதுதான். அந்த மடத்தவர் காலங்காலமாகக் கொண்டிருந்த உரிமைகளும் வாழ்க்கைமுறையும் அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தன என்பதைக் கேட்கும் பொறுமையே போதாமற்போயிற்று. பக்கத்திலிருக்கும் மனிதர் முன் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்வது, கடவுள் முன் ஒப்புக்கொள்வதைவிடக் கடினம் என்பதற்கு இந்த வரலாறு சான்றாகிறது. இதனால் அவருடைய போதனை பொய்யாகிவிடவில்லை; அதன் விலை எவ்வளவு என்பது தெரிகிறது.

1464இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், ‘தியானத்தின் சிகரம்’ என்ற தமது கடைசி நூலை அவர் எழுதினார். உண்மை இருளுக்குள்தான் கூடுதலாக வெளிப்படும் என்று முன்பு எண்ணியிருந்ததை அதில் திருத்திக்கொண்டு, அது வீதிகளிலேயே உரக்க ஒலிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். எல்லாவற்றுக்கும் அடிப்படையான ‘ஆற்றல்’ என்ற கருத்தைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு கல்லைத் தூக்க முடியுமா என்று கேட்டால் முடியும் என்று விடைசொல்லும் சிறுவனுக்கே அது தெரியும் என்பது அவருடைய விளக்கம். பல்கலைக்கழகப் பட்டமும் கர்தினால் பதவியும் பெற்று, கால் நூற்றாண்டுக் காலம் அறியாமையைப் பற்றியே எழுதிவந்த ஒருவர், அந்தச் சிறுவனின் விடையைத் தமது முந்தைய நூல்களைவிடத் தெளிவானதாக ஏற்றுக்கொண்டார்.