கொடையும் நிபந்தனையும்

ஒருவன் பிறர்க்குச் சுதந்திரம் வழங்கும்போது, அதனை மூன்றாமவர்க்கு மறுக்கும் உரிமையையும் சேர்த்து வழங்குதல் தகுமா? சுதந்திரம் பற்றி 1859இல் வெளியிட்ட நூலிலே ஜோன் ஸ்ருவேட் மில், தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளும் சுதந்திரம் எவர்க்கும் இல்லையென வாதித்தார். அவ்வாதத்தின் எதிரொலியை, கணினி இயங்குதளங்களை ஆக்கி யாவர்க்கும் வழங்குவோரின் சர்ச்சைகளிலும் கேட்கலாம்.

கணினிக்கென மனிதர் எழுதும் கட்டளைத் தொகுதி மூலநிரல் எனப்படும். அதனைப் பெற்றவனே மென்பொருளை ஆராயவும் திருத்தவும் வல்லவனாவான். மூலநிரலை வழங்குவோர் பெரும்பாலும் இருவகை அனுமதிப்பத்திரங்களுள் ஒன்றைத் தெரிவர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திற் பிறந்த பத்திரம், ஆக்கியோன் பெயரையும் அனுமதி வாசகத்தையும் நீக்கலாகாது என்பதற்குமேல் அதிகம் கேட்பதில்லை. எடுத்தவன் தன் திருத்தங்களை மறைத்து விற்பதற்கும் தடையில்லை. றிச்சார்ட் ஸ்ரோல்மன் 1989இல் வெளியிட்ட குனூ பொது அனுமதிப்பத்திரமோ, திருத்திய நிரலைப் பிறர்க்கு வழங்குபவன் அதன் மூலநிரலையும் அதே உரிமைகளுடன் வழங்கவேண்டுமென விதிக்கின்றது. பிறீ பிஎஸ்டி, ஓப்பின் பிஎஸ்டி ஆகிய இயங்குதளங்கள் முன்னதன் வழிவந்தவை. லினக்ஸ் 1992 முதற் பின்னதன் கீழ் உள்ளது.

ஸ்ரோல்மனின் நிலைப்பாட்டுக்கு மில்லைத் துணைக்கழைப்பது எளிது. எனினும் ஒப்புமை முற்றாகப் பொருந்துவதன்று. அடிமையானவன் தன் சுதந்திரத்தை இழக்கின்றான். நிரலின் ஒரு பிரதியை நிறுவனமொன்று பூட்டிவைத்தால் மூலப்பிரதி எங்கும் போய்விடுவதில்லை. நெல்லைக் கொடுத்தவனின் குதிர் குறையும். நிரலைக் கொடுத்தவனுக்கு ஒன்றும் குறைவதில்லை. ஆயின் இழப்பவர் எவர்? 2013இல் வெளிவந்த பிளேஸ்ரேசன் 4 விளையாட்டுப் பொறியின் இயங்குதளம் பிறீ பிஎஸ்டியை அடியொற்றியது. பணங்கொடுத்து அதனை வாங்கியவர், தம் வீட்டிலுள்ள பொறியினுள் இயங்குவதைத் திருத்த வழியற்றவர். பேர்க்லிப் பத்திரம் முதலிற் பெறுபவனின் சுதந்திரத்தை நோக்குகின்றது. குனூப் பத்திரம் இறுதியாகப் பெறுபவனின் சுதந்திரத்தை நோக்குகின்றது. இருசாராரும் ஒரே சொல்லை வழங்கினும், அவர்தம் மனக்கண்முன் நிற்கும் மனிதன் வேறு.

நிபந்தனை விதிப்போரிடையேயும் ஒருமைப்பாடு இல்லை. திருத்திய நிரலை ஏற்காதவாறு நுகர்வோர் கருவிகளைப் பூட்டும் வழக்கத்தைத் தடுக்க, 2007இல் வெளிவந்த குனூப் பத்திரத்தின் மூன்றாம் பதிப்பு முற்பட்டது. லினக்ஸைத் தொடக்கிய லினஸ் ரோவால்ட்ஸ் அதனை ஏற்கவில்லை. எடுத்தவர் செய்த திருத்தங்கள் திரும்பி வருவதே அவர் வேண்டியது. ஸ்ரோல்மனுக்குப் பயனாளியின் உரிமையாகத் தோன்றிய நிபந்தனை, ரோவால்ட்ஸுக்குக் கைம்மாறாகவே தோன்றிற்று.

அதே ஆண்டில் எழுந்த வேறொரு பூசல் கொடையாளியின் உள்ளத்தை இன்னும் தெளிவாகக் காட்டிற்று. கம்பியில்லா வலையமைப்புக் கருவிகளை இயக்க ஓப்பின் பிஎஸ்டிக்கென எழுதப்பட்ட நிரலை லினக்ஸுக்கு எடுத்தாண்டோர், கோப்புகள் சிலவற்றிலிருந்த அனுமதி வாசகத்தை அகற்றிக் குனூப் பத்திரத்தை இடுவதற்கு முன்மொழிந்தனர். வாசகத்தை அகற்றுதல் தவறென்பதில் ஐயமில்லை. ஆனால் ஓப்பின் பிஎஸ்டியின் தலைவர் தியோ டி றாட்டின் மனத்தாங்கல் அதனோடு நிற்கவில்லை. புதிய திருத்தங்கள் குனூப் பத்திரத்தின் கீழ் அமையின், மூல ஆசிரியர் தாம் கொடுத்த நிபந்தனையிலேயே அவற்றை மீளப் பெறவியலாது.

நிறுவனங்கள் பூட்டும்போது பொறுத்தவர், பகிர்வோர் பூட்டும்போது சினப்பது முரணன்றோ? பகிர்தலை அறமெனப் போதிப்பவனிடம் பகிர்தலை எதிர்பார்ப்பது இயல்பே என்பது அதற்கு நேர்மையான விடை. ஆனால் அவ்விடை ஓர் உண்மையை ஒப்புக்கொள்கின்றது. கைம்மாறு கருதாதவன்போற் கொடுத்தவனும் கைம்மாற்றை எதிர்பார்த்தே இருந்தான். பத்திரத்தில் எழுதவில்லை, அவ்வளவே. எழுதாத நிபந்தனையை மீறியவனைப் பண்பற்றவன் எனலாமேயன்றிச் சட்டத்தின்முன் நிறுத்தவியலாது. எழுதிய நிபந்தனை பண்பற்றவனையும் கட்டும். ஆனால் நல்லெண்ணமுள்ள அயலானையும் அது வாசலிலேயே நிறுத்திவிடுகின்றது.

அப்பூசலின் பின்னர் அகற்றப்படவிருந்த வாசகங்கள் பேணப்பட்டன. லினக்ஸினுட் சேர்ந்த அந்நிரலின் கோப்புகள் பலவற்றின் தலைப்பில் மூல ஆசிரியரின் பெயரும், அவர் முதலில் வழங்கிய அதே தளர்ந்த அனுமதியும் இடம்பெற்றுள்ளன.