எண் உரைக்கும் தீர்ப்பு

ஒரு செயல் சரியா, தவறா என்று அறிந்துகொள்வது ஒன்று. அது ஏன் சரி, ஏன் தவறு என்று உணர்ந்துகொள்வது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் மயக்கம் இக்காலத்தில் நம்மிடையே பெருகி வருகிறது. இதனைத் தெளிவாகக் காண்பதற்குச் சதுரங்கப் பலகை உதவுகிறது.

1997ஆம் ஆண்டு மே மாதத்தில், ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘டீப் புளூ’ கணிப்பொறி அன்றைய உலக வீரர் காரி காஸ்பரோவை ஆறு ஆட்டங்கள் கொண்ட போட்டியில் வென்றது. நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய்ந்த இயந்திரம் அது. இன்றோ, அதனினும் வலிமை மிக்க ‘ஸ்டாக்ஃபிஷ்’ என்னும் நிரல் நம் கைப்பேசியிலேயே இயங்குகிறது. ஆட்டத்தின் ஒவ்வொரு நிலைக்கும் அது ஓர் எண்ணைத் தருகிறது. கூட்டல் குறி வெள்ளைக்கு மேன்மை. கழித்தல் குறி கறுப்புக்கு மேன்மை. சுழியம் என்றால் சமநிலை.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? 1950இல் வெளியான தம் கட்டுரையில் கிளாட் ஷானன் என்னும் அறிஞர், சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, கோட்டைக்கு 5, ராணிக்கு 9 என மதிப்பிட்டு, காய்கள் நிற்கும் இடத்தின் நன்மை தீமைகளையும் அவற்றோடு கூட்டினார். அன்று எண்ணுக்குரிய காரணத்தைத் தாளில் எழுதிக் காட்டிவிடலாம். 2020 முதல் ஸ்டாக்ஃபிஷ் நரம்பு வலையமைப்பையும் கொண்டு மதிப்பிடுகிறது. தீர்ப்பு கூர்மையடைந்தது, ஆனால் அதன் காரணத்தை நம் மொழியில் எடுத்துரைப்பார் இல்லை. மேலும், 2022இன் இறுதியிலிருந்து அது காட்டும் ‘1’ என்பதற்கு, தனக்கு நிகரான இயந்திரத்தோடு ஆடினால் வெல்லும் வாய்ப்பு பாதி என்று பொருள். அச்சமோ களைப்போ அறியாத இருவர் ஆடுவதாகக் கொண்டே அந்த எண் பேசுகிறது.

மனிதரோ அப்படி ஆடுவதில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான போட்டியின் பதினான்காம் ஆட்டம். சீனத்தின் டிங் லிரனும் சென்னையின் குகேஷும் தலா ஆறரைப் புள்ளிகள் பெற்றிருந்தனர். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும், நிலை சமமே என்று எண் காட்டிற்று. 55ஆம் நகர்த்தலில் டிங் தம் கோட்டையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். கணத்தில் எண் கறுப்பின் பக்கம் சாய்ந்தது. கைப்பேசியோடு அமர்ந்திருந்த எவருக்கும் அது தெரிந்தது. பலகை முன் அமர்ந்திருந்த குகேஷுக்கோ உடனே புலப்படவில்லை. வேறொரு நகர்த்தலைச் செய்ய இருந்ததாக அவரே பின்னர்க் கூறினார்.

அப்படி என்ன நேர்ந்தது? வெள்ளை மந்திரி பலகையின் மூலையில் நின்றது. கோட்டைகள் அகன்றதும் கறுப்பு மந்திரி அதன் ஒரே வழியை மறித்தது. அதையும் மாற்றிக்கொள்வது தவிர வேறு வழியில்லை. எஞ்சியவை அரசர்களும் சிப்பாய்களுமே. கூடுதலான அந்த ஒரு சிப்பாயே அப்போது வெற்றிக்குப் போதுமானதாயிற்று. இக்காரணத்தைச் சிறுவனும் விளங்கிக்கொள்வான். ஆனால் எண்ணை மட்டும் நோக்கியவர் இதில் எதனையும் அறிந்தவரல்லர்.

டிங் செய்தது பிழைதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், ‘இதுகூடத் தெரியவில்லையா?’ என்று நகைக்க நமக்கு உரிமை உண்டா? ஏறத்தாழ மூன்று வாரப் போட்டியின் சுமை அவர் தோள்மீது. நம் கையிலோ இரவல் வாங்கிய தீர்ப்பு. எண் பலகையின் நிலையை அளந்தது. மனிதரின் நிலையை அளக்கவில்லை. மதிப்பெண்ணைக் கொண்டே பிள்ளையையும், ஊதியத்தைக் கொண்டே மனிதரையும் எடைபோடும்போது நாம் செய்வதும் இதுதானே?

இயந்திரத்தை வெறுத்து ஒதுக்கவேண்டியதில்லை. சதுரங்கம் பயிலும் இளைஞர்கள் முதலில் தாமே சிந்தித்துத் தம் முடிவை எழுதிவைக்கட்டும். பிறகு எண்ணைப் பார்க்கட்டும். இரண்டும் வேறுபட்டால், காரணம் விளங்கும்வரை தேடட்டும். அத்தேடலில் கிடைப்பதே அவர்களுக்குச் சொந்தமான அறிவு. பிறரைப்பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் நாமும் அத்தகைய தேடலை மேற்கொள்வோமா?