நோயாளிக்கு விலக்களித்த நோன்பு

ரமலான் பிறை தென்படுவதற்கு முன்பே ஒரு வகைப் பேச்சு தொடங்கிவிடுகிறது. நோன்பு வைத்தால் உடம்பின் கழிவெல்லாம் வெளியேறும். ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டால் மூளைக்கு ரத்தம் பாயும். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்பவரை இன்னின்ன நோய்கள் அண்டா. செல் தன் பழைய பகுதிகளைத் தானே சிதைத்துப் பயன்படுத்திக்கொள்ளும் முறையை ஆராய்ந்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. நோன்பை அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது என்று அந்தச் செய்தி கைபேசிக்குக் கைபேசி பரவியது. ஓசுமி ஆராய்ந்தது சத்து மறுக்கப்பட்ட ஈஸ்ட் செல்களை, நோன்பாளிகளை அல்ல. இப்படிச் சொல்பவர்கள் தமக்குப் பிரியமான ஒன்றைப் பிறரும் மதிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் குறையில்லை. ஆனால் வணக்கத்தை மருந்தாக்கிக் காட்டினால் அதன் மதிப்பு குறைகிறது என்றே நினைக்கிறேன். வணக்கம் மனிதருக்குச் செய்யும் நன்மை மெய்யானது, அளந்தும் பார்க்கப்பட்டிருக்கிறது. அது இருக்கும் இடம்தான் வேறு.

மருந்து என்றால் அது முதலில் நோயாளிக்குத்தானே போய்ச் சேர வேண்டும்? நோன்போ நோயாளிக்கு முதலில் விலக்களிக்கிறது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் நோன்பு கடமையாக்கப்படும் அதே வசனங்களில் நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை வந்துவிடுகிறது. நோன்புக்கு அங்கே சொல்லப்படும் நோக்கம் இறையச்சம், எடைக்குறைப்பு அல்ல. ஒளுவை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கிடைக்காதபோதும், நோயாளிக்குத் தண்ணீர் தீங்கு செய்யும் என்றபோதும் தயம்மும் போதும்: சுத்தமான மண்ணில் கைகளை வைத்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்வது. அழுக்கு நீக்குவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் மண்ணைத் தொடச் சொல்வதில் பொருளே இல்லை. தொழுகையும் அப்படித்தான். நாளொன்றுக்குக் கடமையான 17 ரக்அத் சுற்றுகளில் 34 ஸஜ்தாக்கள் இருப்பதைக் காட்டி அதை உடற்பயிற்சி என்கிறார்கள். மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் என்ற தோழருக்கு நபிகள் நாயகம் சொன்ன வழி என்ன? நின்று தொழ வேண்டும், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்தபடி. படுத்தபடி தொழுவது எந்தப் பயிற்சிக் கணக்கிலும் வராது. ஆனாலும் அது தொழுகைதான்.

உடலுக்குப் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொழுகையின்போது மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, மன அமைதியோடு தொடர்புடைய ஆல்பா அலைகள் கூடுவதைக் கண்டார்கள். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் சில பத்துப் பேர்தான். ரமலானில் எடை ஓரளவு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. பெருநாள் முடிந்து சில வாரங்களில் அதில் பெரும்பங்கு திரும்பிவிடுகிறது. இவை நல்ல செய்திகள்தான். ஒரு வாழ்நாள் வணக்கத்தை இவற்றின் மேல் நிறுத்த முடியாது.

கனமான சான்று வேறிடத்தில் இருக்கிறது. தொழுபவர்களையும் தொழாதவர்களையும் சும்மா ஒப்பிட்டால் உண்மை கிடைக்காது. பள்ளிவாசல்வரை நடக்க முடிந்தவர் ஏற்கெனவே நலமாக இருப்பவராக இருக்கலாம். 2006 ஹஜ்ஜுக்காகப் பாகிஸ்தானில் நடந்த குலுக்கல் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. தேர்வானவர், ஆகாதவர் என விண்ணப்பித்த 1,600க்கும் மேற்பட்டோரை பொருளியலாளர் மைக்கேல் கிரேமரும் அவருடைய சக ஆய்வாளர்களும் பேட்டி கண்டார்கள். ஹஜ் சென்று வந்தவர்களிடம் பிற இனத்தாரோடும் பிற சமயத்தாரோடும் இணங்கி வாழும் எண்ணம் கூடியிருந்தது. பெண்கல்வியை ஏற்கும் மனம் வளர்ந்திருந்தது. தங்கள் உடல்நலம் பற்றி அவர்கள் சொன்னதோ மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. ரமலான் பற்றியும் இப்படி ஒரு முடிவு உண்டு. அந்த மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால், கோடையில் வரும்போது துருக்கியின் நோன்பு வங்கதேசத்தின் நோன்பைவிட நீளும்; குளிர்காலத்தில் நேர்மாறு. இந்த வேறுபாட்டை வைத்து பொருளியலாளர்கள் ஃபிலிப்பே காம்பான்டேயும் டேவிட் யானகிசாவா-ட்ராட்டும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, நோன்பு நேரம் நீளும்போது முஸ்லிம் நாடுகளின் பொருளாதார வளர்ச்சி குறைகிறது. முஸ்லிம்களின் வாழ்க்கைத் திருப்தியோ உயர்கிறது. உடம்பும் பணமும் இழக்கும் இடத்தில் மனம் நிறைகிறது. இதைவிடத் தெளிவாக வணக்கத்தின் இயல்பை எந்த ஆய்வகமும் சொல்லிவிட முடியாது.

கூடிச் செய்யும் எதுவும் இந்த நிறைவைத் தருமே, காலை நடையும் யோகாவும் போதாதா என்று கேட்பவர் உண்டு. தரலாம், பிறரிடம் அது இல்லை என்று நிறுவும் தேவை ஒரு முஸ்லிமுக்கு இல்லை. ஆனால் எடைக்காக நடப்பவர் எடை குறைந்ததும் நிறுத்துவார். குறையாவிட்டால் சலித்து நிறுத்துவார். நிய்யத்து, அதாவது நோக்கம், இறைவனுக்கானது என்றால் நிறுத்துவதற்கான காரணம் எழுவதே இல்லை. சுபுஹு எனும் வைகறைத் தொழுகைக்கு எழுவது, முன்பின் தெரியாதவரின் தோளோடு தோள் உரச ஸஃப் எனும் தொழுகை வரிசையில் நிற்பது, பசித்த வயிற்றோடு கோபத்தை அடக்குவது எல்லாம் ஆண்டுக்கணக்கில் தொடர்வதால்தான் ஆளை மாற்றுகின்றன. பலனைக் குறிவைத்தவருக்கு இந்தத் தொடர்ச்சி வாய்ப்பது அரிது.

இளைஞர்கள் அறிவியலைத்தான் நம்புகிறார்கள், அந்த வழியில் அழைத்தால் என்ன கெட்டுவிடும் என்பது இன்னொரு கேள்வி. கெடுகிறது. 2001 ரமலானை ஒட்டி 13 நாடுகளில் 12,243 சர்க்கரை நோயாளிகளிடம் எடுத்த எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளில் 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாள் நோன்பு வைத்திருந்தார்கள். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்த நிகழ்வுகள் அவர்களிடம் 7.5 மடங்காகவும், முதல் வகை நோயாளிகளிடம் 4.7 மடங்காகவும் கூடின. சிகிச்சை அதன்பின் முன்னேறியிருக்கிறது. ஆனால் நோன்பே மருந்து என்று காதில் விழுந்துகொண்டிருக்கும் முதியவர் மாத்திரையைக் குறைக்க டாக்டரிடம் ஏன் போவார்? நோன்பை விட்டால் பாவம் என்ற குற்ற உணர்வோடு, விட்டால் உடம்பும் கெடும் என்ற பொய்யையும் அவர் தலையில் ஏற்றுகிறோம். மீளாத நோயுள்ளவர் விடும் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க மார்க்கம் வழி வைத்திருக்கிறது. அந்த ஃபித்யா வணக்கத்துக்கு வெளியே போடப்படும் அபராதமன்று; அதுவும் வணக்கம். ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்கின்றன சர்வதேச நீரிழிவு வழிகாட்டல்கள். அப்படியானால் ரமலானுக்கு முந்தைய மாதங்களான ரஜபிலும் ஷஅபானிலும் வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரைகளே இதற்கு ஏற்ற இடம். இன்சுலின் போடுபவர் எப்போது நோன்பைத் திறந்துவிட வேண்டும், யார் தொடங்கவே கூடாது என்பதை ஆலிமும் மருத்துவரும் சேர்ந்து அங்கே சொல்லட்டும்.