ஏலத்தில் விட்ட வண்டியும் சொல்லாமல் விட்ட குறையும்

பழைய காரை இணையவழி ஏலத்தில் விற்பவர், வண்டியைப் பற்றித் தமக்குத் தெரிந்த குறைகளைத் தாமாகவே சொல்லியாக வேண்டுமா? கேட்டதற்கு மட்டும் உண்மையாகப் பதில் சொன்னால் போதாதா? பொய் பேசக் கூடாது என்பதில் எந்தச் சமயத்துக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. பேசாமல் இருப்பதும் பொய்தானா என்ற இடத்தில்தான் சட்டம் ஒரு பக்கமும் சமயங்கள் ஒரு பக்கமுமாகப் பிரிகின்றன. தத்துவவாதிகளுக்குள் அந்த வழக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக நடக்கிறது.

தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வட்டாரத்தில் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குவது நெடுங்காலம் ஆளை நம்பிய வியாபாரமாகவே இருந்தது. வாங்குபவர் தமக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வருவார். மெக்கானிக் பானட்டைத் திறப்பார், ஆயில் கம்பியைத் துடைத்துப் பார்ப்பார், பட்டி பார்த்த இடம் உண்டா என்று கதவோரங்களை விரலால் தட்டுவார், இலஞ்சி வரை ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்ப்பார். விற்பவரின் தெருவும் சொந்தபந்தமும் தெரிந்திருக்கும். ஆறு மாதத்தில் வண்டி படுத்துவிட்டால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இணையவழி ஏலத்தில் இந்த வாசல் கிடையாது. உரிமையாளர் பதிவெண்ணைக் கொடுத்ததும் நிறுவனத்தின் பரிசோதகர் வீடு தேடி வந்து படம் எடுத்து அறிக்கை எழுதிவிட்டுப் போகிறார். அந்த அறிக்கை பல ஊர் வியாபாரிகளின் கைப்பேசிக்குப் போய்ச் சேர, குறித்த நேரத்துக்குள் அவர்கள் விலையை ஏற்றுகிறார்கள். தென்காசியில் நிற்கும் டி.என். 76 வண்டியை மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர் தொட்டுப் பார்க்காமலே எடுத்துவிடுகிறார். அவரும் அதை வைத்து ஓட்டப்போவதில்லை. மெருகேற்றி இன்னொருவருக்கு விற்பார். அந்த இன்னொருவர் யார் என்பது முதலில் விற்றவருக்குக் கடைசிவரை தெரியாது.

குறைகளில் முதலில் பேச வேண்டியது தண்ணீரைப் பற்றி. குற்றாலத்துச் சாரலில் ஆண்டுதோறும் நனையும் வண்டிக்கு அடிப்பாகத்தில் துரு ஏறும். குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் கதை வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி உள்ளிட்ட நான்கு தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது; காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. 2015 சென்னை வெள்ளமும் 2018 கேரள வெள்ளமும் அதற்கு முந்தியவை. இப்படி மூழ்கும் வண்டிகளில் சில முழு இழப்பாகக் கணக்கெழுதப்பட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாகவே ஏலத்துக்கு வருகின்றன. அவற்றின் வரலாறு தாளில் இருக்கும். உரிமையாளரே காயவைத்து, தரைவிரிப்பை மாற்றி, சீட்டுகளை வெயிலில் போட்டு, வாசனைப் புட்டி ஒன்றைத் தொங்கவிட்டு மீட்டெடுத்த வண்டிக்கு அப்படி ஒரு தாளும் இல்லை. ஒயரிங் இணைப்புகளில் களிம்பு ஏறிக்கொண்டே இருக்கும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி, ஏர்பேக் சென்சார், ஏபிஎஸ் ஆகியவை மாதங்கள் கழித்து, பெரும்பாலும் அடுத்தவர் கைக்குப் போன பிறகு, வேலை நிறுத்தம் செய்யும். ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு இறங்கும் மலைப்பாதையில் அது நடந்தால் செலவோடு போகாது. சிறிது நேரம் வந்துபோகும் பரிசோதகர் இதைக் கண்டுபிடிப்பது கடினம். சக்கரம் மறையத் தண்ணீரில் வண்டி நின்றதைப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

அவர் வாய் திறக்காவிட்டால் என்ன? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு நேரடியாகவே விடை சொல்கிறது. மோசடி எது என்று வரையறுக்கும் 17ஆம் பிரிவின்படி, பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் மோசடி ஆகாது. அதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு ஓர் ஏலம்: நலமில்லாத குதிரை என்று தெரிந்தே ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார், வாங்குபவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அது மோசடி அல்ல. அடுத்த எடுத்துக்காட்டில் வாங்குபவர், விற்பவரின் சொந்த மகள். அப்போதுதான் வயது நிறைந்தவள். இங்கே உறவின் காரணமாகவே உண்மையைச் சொல்லும் கடமை வந்துவிடுகிறது. மூன்றாவதாக, மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குபவர் சொல்லியிருந்தால், மௌனம் பேச்சுக்குச் சமம். குதிரை ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். எதிரே நிற்பவர் யார் என்பதை வைத்துக் கடமை மாறுகிறது. சமய அறம் எதிர்க்கேள்வி கேட்பது இந்த இடத்தில்தான்: மகளுக்குச் செய்யக் கூடாததை அயலாருக்கு ஏன் செய்யலாம்?

சட்டத்தின் நிலைக்கும் ஒரு நியாயம் உண்டு. குதிரைச் சந்தையில் வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம், நேருக்கு நேர் கேட்கலாம். கண்ணும் வாயும் இருப்பவர் அவற்றைப் பயன்படுத்தாமல் பிறகு அழுதால் அரசு என்ன செய்ய முடியும்? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், சில விலக்குகளோடு, பார்த்து வாங்கும் பொறுப்பை வாங்குபவர் தலையில்தான் வைக்கிறது. இணைய ஏலத்தில் அந்த நியாயத்தின் அடித்தளமே கழன்றுவிடுகிறது. வாங்குபவரின் கண் அங்கே இல்லை; பரிசோதகரின் அறிக்கைதான் அவர் கண். கேள்வி கேட்க எதிரே ஆளும் இல்லை. போதாததற்கு, மற்றவர்கள் விலை ஏற்றுவதைப் பார்த்து, நாலு பேர் கேட்கிறார்களே, வண்டி நல்லதாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் ஏறுகிறது. அந்த நாலு பேரும் அதே அறிக்கையைத்தான் படித்தவர்கள். ஒருவரின் மௌனம் இங்கே பலருடைய சாட்சியாக உருமாறி நிற்கிறது. ஆகையால் விற்பவரின் கடமை சந்தையில் இருந்ததைவிட இங்கே கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை.

குறையை மறைப்பது எந்த வகைக் குற்றம் என்பதில் சமயங்கள் ஒரே பதில் சொல்வதில்லை. சங்கரன்கோவிலுக்கு அருகே கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்த சமணம் இதில் நுட்பமான ஒன்றைக் கவனித்தது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாருக்கு உரிய விரதங்களின் மீறல்களைப் பட்டியலிடும்போது, கள்ள அளவையையும் போலிச் சரக்கையும் பொய்யாமையின் கீழ் வைக்காமல் கள்ளாமையின் கீழ் வைக்கிறது. அந்தக் கணக்கில், மூழ்கிய வண்டியை மூழ்காத வண்டியின் விலைக்குத் தள்ளிவிட்டவர் இரண்டு விலைக்கும் இடையிலுள்ள பணத்தைத் திருடியவர் ஆகிறார். அவர் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை என்ற வாதம் அவரைக் காப்பாற்றாது. திருடுவதற்குப் பேச்சு தேவையில்லை. மனுநூலின் எட்டாம் அத்தியாயம், கலப்படச் சரக்கையும் குறையுள்ள சரக்கையும் விற்கலாகாது என்பதோடு, தொலைவில் இருப்பதையும் மறைத்து வைத்ததையும் விற்கலாகாது என்று சேர்த்துச் சொல்கிறது. பல காரணங்களுக்காகத் தமிழ்நாட்டில் கடும் விமர்சனத்துக்கு உள்ளான நூல் அது. ஆனாலும் இந்த ஒரு விதி இணைய ஏலத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது.

இஸ்லாமிய மரபின் எடுத்துக்காட்டில் குற்றவாளியே தண்ணீர்தான். சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கைவிட்ட நபிகள் நாயகத்தின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபிகள், ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. மழை பெய்தது வியாபாரியின் குற்றமில்லை; ஈரத்தைக் கீழே போட்டதுதான் குற்றம். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை விளக்கினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் என்னும் இறையருள் இறங்கும், மறைத்தால் அழிந்துபோகும் என்ற நபிமொழியும் உண்டு. மறைக்கப்பட்ட குறை பின்னால் தெரியவந்தால் சரக்கைத் திருப்பித் தரும் உரிமையை இஸ்லாமியச் சட்டவியல் வாங்கியவருக்கு அளிக்கிறது. திருக்குறள் இன்னும் சுருக்கமான அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறது. வாய்மை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, பிறருக்குத் தீங்கு விளையாதபடி பேசுவதுதான் வாய்மை என்று அது வரையறுத்துவிடுகிறது. சொன்ன சொல் நிகழ்ச்சியோடு பொருந்துகிறதா என்பதைவிட அதனால் என்ன விளைகிறது என்பதே அங்கே முக்கியம். மௌனமும் அந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

எதிர்வாதம் பலவீனமானதல்ல. கிரேக்கத் தத்துவவாதிகளான பாபிலோன் தியோகெனஸும் அவருடைய மாணவர் அந்திபத்தரும் இதே வழக்கில் எதிரெதிரே நின்றதை ரோமானியரான சிசெரோ கி.மு. 44இல் தம் மகனுக்கு எழுதிய நூலில் விவரிக்கிறார். சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. தெரிந்ததை எல்லாம் சொல்லியே தீர வேண்டும் என்றால் விற்பனை என்று ஒன்று இருக்காது, தானமாகவே கொடுத்துவிடலாம் என்பது தியோகெனஸின் கட்சி. சிசெரோ, சொல்லியே தீர வேண்டும் என்ற அந்திபத்தர் பக்கம் சாய்ந்தார். இன்றைய விற்பனையாளரின் முணுமுணுப்பும் தியோகெனஸுடையதுதான்: எல்லோரும் மறைக்கிறார்கள், வியாபாரியும் அதை எதிர்பார்த்தே விலையைக் குறைத்துக் கேட்கிறார், நான் மட்டும் உண்மை சொன்னால் இரண்டு முறை நஷ்டம். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதிய கட்டுரை இந்த முணுமுணுப்பைப் பொருளியல் ஆக்கியது. நல்ல வண்டியையும் மோசமான வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே கிடைக்கும். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் வரமாட்டார். சந்தையில் மோசமானவையே தங்கும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மறைப்பவர்களால் விலை விழுந்துவிட்டது என்பது மறைப்பதற்கு நியாயம் ஆகாது. விலை ஏன் விழுந்தது என்பதை மட்டுமே அது விளக்குகிறது.

கடமைக்கு எல்லையும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாகவே வகுத்தார். கண்ணுக்குத் தெரியும் குறையை, அதற்கேற்ப விலையைக் குறைத்திருந்தால், வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றைக்கண் குதிரைக்கு விளக்கம் எதற்கு? கண்ணுக்குத் தெரியாததும், இழப்போ ஆபத்தோ தருவதுமான குறையைச் சொல்லியே ஆக வேண்டும். பம்பரில் கீறல் முதல் வகை. மூழ்கிய வரலாறு, திருப்பி வைத்த மீட்டர், வளைந்து நிமிர்த்தப்பட்ட சேசிஸ் எல்லாம் இரண்டாம் வகை. நடுவில் ஒரு சிக்கலான வகை உண்டு. விபத்தில் ஒருவர் இறந்துபோன வண்டியைப் பலர் வாங்க மாட்டார்கள். கூட்டினால் எட்டு வரும் பதிவெண்ணையும் சிலர் தொடுவதில்லை. எண் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. அதில் பிரச்சினை இல்லை. மரணம் இரும்பில் எந்தத் தடமும் வைப்பதில்லை. விபத்தையும் அதில் உடைந்ததையும் சொல்வது கட்டாயம். உயிர் போனதைக் கேட்டால் மறைக்கக் கூடாது, கேளாதபோது அறிவித்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று கொள்வதே பொருத்தம். பொருளின் குறை விற்பவரின் பொறுப்பு. ராசி பார்ப்பது வாங்குபவரின் உரிமை.

ஏல அறிவிப்புகளில் உள்ளது உள்ளபடி என்ற ஒரு வாசகம் தவறாமல் இருக்கும். வங்கிகள் கைப்பற்றிய வண்டிகள், காவல்துறை பறிமுதல் செய்த வண்டிகள், அரசு அலுவலகங்கள் கழித்துவிட்ட ஜீப்புகள் எல்லாம் இந்த நிபந்தனையோடுதான் விற்கப்படுகின்றன. வண்டியின் கடந்தகாலம் விற்பவருக்கே தெரியாத இடத்தில் இது நேர்மையான வாசகம். பத்தாண்டு ஓட்டியவர் இதே வாசகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அப்படிப்பட்டது அல்ல. அதற்கு நேரெதிரான முன்மாதிரி ஒன்று தென்காசியிலேயே உண்டு. தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே பொறித்து வைத்த கல்வெட்டுப் பாடல் ஒன்று, இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத குறை ஏதேனும் வந்தால் அதை வந்து சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவர்களை உலகறியப் பணிவதாகச் சொல்கிறது. தான் கட்டியதிலும் குறை நேரலாம் என்பதை முகமறியாத வருங்காலத்தாரிடம் ஓர் அரசன் கல்லில் எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறான். குறை பின்னால் வரவே செய்தது. சிதைந்துபோன ராஜகோபுரம் மீண்டும் எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்கு நடந்தது.

குறையை மறைப்பதற்கு அப்பால் ஏலத்துக்கென்றே உரிய தீமை ஒன்று உண்டு. விற்பவர் தம் ஆளை விட்டு விலையை ஏற்றிவிடும் பொய்க்கேள்வியை நபிமொழிகள் தனியாகவே தடுத்திருக்கின்றன. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவும் அப்படி நடந்த ஏலத்தை ரத்து செய்துகொள்ள வாங்கியவருக்கு உரிமை தருகிறது. வியாபாரிகள் சிண்டிகேட் போட்டு விலையை அமுக்குவது அதன் மறுபக்கம். போட்டியில் ஏறிய விலைக்கு யார் உரியவர் என்பதுகூட ஒரு காலத்தில் கேள்வியாக இருந்தது. நிலமும் வீடும் விற்கும்போது ஏலப் போட்டியால் கூடிய தொகை அரசின் கருவூலத்துக்கே என்கிறது அர்த்தசாஸ்திரம். விலை ஏறுவது மட்டுமே தீமை ஆகிவிடாது. திருநெல்வேலித் திருமண்டலத்துக் கிறிஸ்தவச் சபைகளின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவர் தெரிந்தே கூடுதலாகக் கொடுக்கிறார்; அங்கே யாரும் ஏமாறவில்லை.

மிஞ்சுவது கைமாறும் சங்கிலி. வாங்குபவர் வியாபாரிதானே, அவருக்கு எல்லாம் தெரியும் என்று முதல் உரிமையாளர் சமாதானம் செய்துகொள்ளலாம். குறையை அவர் எழுதிக் கொடுத்திருந்து, அடுத்தவர் மறைத்தால் பழி அடுத்தவருக்குப் போகும். அவரே சொல்லாவிட்டால் வியாபாரி அறியாமல் விற்பார், கடைசியில் வாங்குபவர் அறியாமல் ஓட்டுவார். இத்தனை பேரில் அறிந்து செய்தவர் ஒருவரே. பரிசோதகர் கண்டுபிடிக்கவில்லை என்பது அந்த ஒருவருக்கு விடுதலை தராது. வண்டி தண்ணீரில் நின்ற மாதமும் மாற்றிய பாகங்களும் அறிக்கையில் ஒரு வரியாக ஏறிவிட்டால் விலை குறையும், கடமை தீரும்.

குறையைச் சொல்லி விற்றவருக்கும் பதிவில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி பல கை மாறியும் பதிவில் பெயர் மாறாதிருந்த ஒரு வழக்கில், விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பானவர் பதிவுபெற்ற உரிமையாளரே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.